வெட்டிய மரத்தின் கிளையும் தழையும்: விறகாகவும் மூடாக்காகவும் மாற்றும் வழி

காய்ப்பு குறைந்த பழைய மாந்தோப்பை மாற்றுகிறவர்கள், வறட்சியில் கொண்டை சாய்ந்த தென்னையை எடுக்கிறவர்கள், வீடு கட்ட வேம்பை வெட்டுகிறவர்கள் என்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஆண்டு முழுக்க எங்காவது மரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வியாபாரி வந்து அடிமரத்தையும் பெரிய கிளைகளையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். சிறு கிளை, மிலாறு என்னும் மெல்லிய குச்சிகள், தழை, பட்டை, தூர் எல்லாம் நிலத்திலேயே கிடக்கும். நாலு நாள் காயவிட்டு நெருப்பு வைத்துவிடுவது வழக்கம். அந்த நெருப்பு பக்கத்து மரத்தின் இலையைக் கருக்கும், சொட்டுநீர்க் குழாயை உருக்கும், சித்திரையில் காற்று மாறினால் வரப்பைத் தாண்டிக் காட்டோரம் வரை போகும். நமது செம்மண்ணில் மட்கு ஏற்கெனவே குறைவு. அந்த மண்ணுக்குச் சேர வேண்டியதைப் புகையாக அனுப்புவது பெரிய இழப்பு.

முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒரே அளவுகோல்தான். மூன்று விரல் பருமனுக்கு, அதாவது சுமார் 5 செ.மீ.க்கு மேல் உள்ளது அடுப்புக்கு. அதற்குக் கீழ் உள்ளது மண்ணுக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் மூடாக்குக்கு. இந்தப் பிரிவை மரம் விழுந்த அன்றோ மறுநாளோ செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு மாதம் கழித்துச் செய்தால், கிளைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, உள்ளே பாம்பும் தேளும் குடியேறி, ஆள் கூலி இரட்டிப்பாகும்.

வெட்டுவதற்கு முன்

மரம் உங்கள் பட்டா நிலத்தில்தான் நிற்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாலையோரப் புளி, ஏரிக்கரை மரம், புறம்போக்கில் நிற்கும் வேம்பு இவையெல்லாம் அரசுடையவை. நிழல் உங்கள் நிலத்தில் விழுவதால் மரம் உங்களுடையதாகிவிடாது. அரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் சந்தனம் வரப்பில் தானாகவே முளைக்கும். பட்டா நிலம் என்றாலும் வனத்துறையிடம் போகாமல் அதில் கை வைக்கக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தது. மற்ற மரங்களுக்கும் லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவதாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே கோடாலி எடுக்க வேண்டும்.

வெட்ட ஏற்ற காலம் தை, மாசி. அப்போது வெட்டிப் பிளந்து அடுக்கினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் விறகுக்குக் கிடைக்கும். நமது மாவட்டங்களில் ஆவணி முதல் ஐப்பசி வரை மழை பலமாக இருக்கும். புரட்டாசியில் வெட்டிய மரத்தை உடனே விறகாக்க நினைத்தால் பூஞ்சணம்தான் மிஞ்சும். அந்தக் காலத்தில் வெட்ட நேர்ந்தால் மூடாக்கு வேலையை முதலில் முடித்துவிட்டு, கட்டைகளைப் பிளந்து ஒரு கூரையின் கீழ் வைத்துவிடுங்கள்.

வீட்டருகே, சாலையருகே நின்ற மரமென்றால் ஆளுயரம் வரை பட்டையைத் தடவிப் பாருங்கள். விளம்பரப் பலகை அடித்த ஆணி, கொடி கட்டிய கம்பி, மாடு கட்டிய வளையம் எல்லாம் மரத்துக்குள் போய் மறைந்திருக்கும். பட்டை புடைத்துக் கறுத்த நீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. அந்தப் பகுதியை, கிளையைச் சில்லாக்கும் அரவை மெஷினுக்கு அனுப்பவே கூடாது. ஒரு ஆணி போதும், கத்தி பல்லுப் பல்லாகப் போய்விடும்.

அன்றே நான்கு குவியல்

விழுந்த மரத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் குவியல் மர வேலைக்கு ஆகும் கட்டை. இதை விறகு விலைக்கு விட்டுவிடாதீர்கள். கணு இல்லாத மாங்கட்டை பெட்டி செய்யவும் பிளைவுட்டுக்கும் போகும். அகலமான புளியங்கட்டை கறிக்கடையில் வெட்டுப்பலகையாகப் போகும். வாகையை மரச்செக்கு செய்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். வேம்பும் பூவரசும் நிலை, ஜன்னல் செய்யும் தச்சருக்கு வேண்டும். வியாபாரி மொத்தமாக ‘விறகு டன் கணக்கு’ என்று பேசும்போது இந்தக் கட்டைகளைத் தனியாகப் பேசுங்கள்.

இரண்டாவது குவியல் 5 செ.மீ.க்கு மேல் உள்ள விறகுக் கட்டை. மூன்றாவது தழையோடு கூடிய மிலாறு. நான்காவது நோய், பூச்சி, நஞ்சு உள்ளவை. நான்காவது குவியல் சின்னதாக இருக்கும், ஆனால் அதை மூன்றாவதோடு கலந்துவிட்டால் வருகிற ஆண்டுகளுக்கும் சேர்த்துத் தொல்லை.

மூன்றாவது குவியலுக்கு ஆட்டை விடலாம். வேம்பு, வாகை, சூபாபுல், வெள்வேல் தழையை ஆடு இரண்டு நாளில் உருவித் தின்றுவிடும். மீதி நிற்கும் மொட்டை மிலாறு மெஷினில் அடைக்காமல் சீராக ஓடும். தழை முழுவதும் மண்ணுக்கே வேண்டும் என்றால் ஆட்டை விடாமல் உடனே அரைத்துவிடுங்கள். பச்சைத் தழை கலந்த சில்லு மொட்டை மிலாற்றின் சில்லைவிடச் சீக்கிரம் மட்கும், தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூடுதல்.

மரத்துக்கு மரம் கவனிக்க வேண்டியவை

மாவின் புதுவெட்டில் வடியும் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை வேண்டும். மரம் பட்டுப் போனது தண்டு துளைப்பானால் என்றால், துளைகளின் கீழே மரத்தூளும் கழிவும் சிந்தியிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே விரல் தடிமன் புழுக்கள் இருக்கும். அந்தக் கட்டையை முழுசாகத் தோப்பில் போட்டுவைத்தால் அவை வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும். அன்றே பிளந்து, புழுவை எடுத்துக் கொன்று, முதலில் எரிக்க வேண்டிய விறகாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னையில் இன்னும் கவனம் தேவை. அழுகும் தென்னந்தண்டும் எருக்குழியும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். காவேரிப்பட்டினம், பாரூர்ப் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிய தண்டு வாய்க்கால் ஓரம் மாதக்கணக்கில் கிடப்பதைக் காணலாம். தோப்புக்காரரே வண்டை வளர்ப்பதற்குச் சமம் அது. புதுவெட்டின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். ஆகவே தண்டை இரண்டடித் துண்டுகளாக்கி நான்காகப் பிளந்து வெயிலில் போட வேண்டும். நடுச்சோறு மிருதுவாக, தண்ணீர் கோத்து இருப்பதால் பிளக்காத தென்னந்துண்டு காய்வதற்குள் அழுகிவிடும். அடித்தண்டில் பழுப்புச் சாறு வடிந்த மரம் தஞ்சாவூர் வாடல் நோய் கண்டதாக இருக்கலாம். அதன் தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள், சில்லாக்கி வேறு தென்னைக்குப் போடாதீர்கள்.

சீமைக் கருவேலம் அருமையான விறகு, கொஞ்சம் ஈரமிருந்தாலும் நின்று எரியும். மூடாக்குக்கு மட்டும் வேண்டாம். முள் ஒன்று, நெற்று இன்னொன்று. நெற்றோடு அரைத்த சில்லைப் பரப்பினால் அடுத்த மழைக்குத் தோட்டம் முழுக்கக் கருவேலங்கன்று நிற்கும். தைல மரத்தின் இலையில் உள்ள எண்ணெய் மற்றச் செடிகள் முளைப்பதைத் தடுக்கும். அதன் சில்லை நடைபாதைக்குப் போடலாம், அல்லது ஐந்தாறு மாதம் மட்கவிட்டுப் பயன்படுத்தலாம். அரளியை எரிக்கவும் கூடாது, ஆடுமாடு மேயும் இடத்தில் மூடாக்காகப் போடவும் கூடாது. புகையும் நஞ்சு, காய்ந்த இலையும் நஞ்சு. திருகுகள்ளி வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பட்டு வளர்க்கிறவர்களிடம் மல்பெரிக் குச்சி ஏராளமாக இருக்கும். இலை எடுத்த குச்சியைக் கட்டுகளாக நிறுத்திவைத்தால் வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்தில் அடுப்பு பற்றவைக்கத் தயார். அதைப் பிளக்கும் வேலையே இல்லை.

விறகு: நீளம், பிளவு, அடுக்கு

வீட்டு அடுப்புக்கு ஒன்றேகால் அடி முதல் ஒன்றரை அடித் துண்டு போதும். டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபத்துக் கோட்டை அடுப்புக்கு இரண்டடி கேட்பார்கள். யாருக்குப் போகப்போகிறது என்று முதலிலேயே முடிவு செய்து, ஒரு குச்சியை அளவாக வெட்டி வைத்து அதைக் கொண்டு குறித்து அறுங்கள். நீளம் சீராக இல்லாத விறகு அடுக்கில் நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும்.

செயின் சா வைத்து அறுப்பவர் கட்டைக்கு அடியில் இரண்டு குறுக்குக் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். சங்கிலி ஒரு விநாடி மண்ணைத் தொட்டாலே முனை மழுங்கிவிடும். மழுங்கிய சங்கிலியை அறுப்புத்தூளிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: கூர்மையாக இருந்தால் அவல் போன்ற துணுக்கு விழும், மழுங்கினால் மாவு மாதிரித் தூள் விழும், மெஷினும் ஒரு பக்கமாக இழுக்கும். சங்கிலி ஓடும் வாள் தகட்டின் நுனியில் மேல் கால்பகுதி எதிலும் படக்கூடாது. பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். இரு முனையும் தாங்கி நடு தொங்கும் கட்டையை மேலிருந்தே முழுக்க அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு வாளைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுங்கள். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் அளவு மெஷினுக்கு மெஷின் வேறுபடும், கூட வந்த புத்தகத்தில் உள்ளபடிதான் கலக்க வேண்டும். வேட்டி, லுங்கியோடு இந்த மெஷினைத் தொடக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, மூடிய பூட்ஸ் மூன்றும் கட்டாயம்.

பிளப்பதைப் பச்சையிலேயே முடித்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் காய்ந்ததும் பிளக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பெரும்பாலான மரங்கள் பச்சையில்தான் லேசாகப் பிளக்கும். தவிர, தண்ணீர் கட்டையின் வெட்டுமுகங்கள் வழியாகவும் பிளந்த பக்கங்கள் வழியாகவும்தான் வெளியே போகும், பட்டை அதை விடாது. உருட்டுக்கட்டையாகக் கிடக்கும் மா ஒரு கோடை முழுவதும் காய்ந்தும் உள்ளே ஈரமாகவே இருக்கும். நான்கு அங்குலத்துக்கு மேல் உள்ளதெல்லாம் இரண்டாக, எட்டு அங்குலத்துக்கு மேல் உள்ளது நான்காக. கட்டையின் முகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் வெடிப்பைப் பார்த்து அதன் மேலேயே கோடாலியைப் போடுங்கள். கிளை கவைத்த இடமும் கணுவும் இழை முறுக்கியிருக்கும், அங்கே நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பலகையாகச் சீவி வர வேண்டும். வைரம் பாய்ந்த புளிக்கு இரண்டு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் வேண்டும். ஒரு ஆப்பு சிக்கிக்கொண்டால் அதே வெடிப்பில் சற்றுத் தள்ளி இரண்டாவதை இறக்கினால் முதலாவது தானே கழன்றுவரும். ஆப்பின் தலை அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தால் அரம் போட்டுச் சீர்செய்த பிறகே பயன்படுத்துங்கள், அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு தோலைத் துளைக்கும்.

அடுக்குவதற்கு நிழலும் குளிர்ச்சியும் உள்ள இடம் வேண்டாம், வெயிலும் காற்றும் உள்ள இடம் வேண்டும். செங்கல்லோ பழைய கல்தூணோ போட்டுத் தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். செம்மண்ணில் கரையான் ஏறாத இடமே இல்லை. கல் மேல் அடுக்கினால் கரையான் மண்பாதை கட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிடலாம். அடுக்கு ஒற்றை வரிசையாக, நான்கடி உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். பட்டைப் பக்கம் மேலே இருந்தால் மழை வழிந்தோடும். மழை வரும்போது மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நாலாபுறமும் தார்ப்பாயால் மூடுகிறவர்கள் விறகை வேகவைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் குறைந்தது மூன்றடி இடைவெளி விட்டால் கரையான் கதவு நிலைக்கு வராது. எடுக்கும்போது கையை உள்ளே விடாமல் குச்சியால் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கட்டுவிரியனுக்கும் தேளுக்கும் விறகடுக்கு பிடித்த இடம்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டைச் சுண்ணாம்பால் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை தொங்கு தராசில் எடை போடுங்கள். பச்சையில் 4 கிலோ இருந்தது இரண்டரை, மூன்று கிலோவுக்குள் வந்து, அடுத்த இரண்டு வாரமும் இறங்காமல் நின்றால் தயார். வேறு அடையாளங்கள்: வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளிப்புறமாக வெடிப்புகள், பட்டை கையோடு கழல்வது, இரண்டு துண்டைத் தட்டினால் ‘டொக்’ என்று அமுங்காமல் ‘டங்’ என்று ஒலிப்பது. தை மாதம் பிளந்த மாவும் வேம்பும் ஆனி, ஆடிக்குள் தயாராகும். புளிக்கு ஓராண்டு கொடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அடுப்பின் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஒரு கிலோ பச்சை விறகு தரும் சூடு, 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த ஒரு கிலோ விறகின் சூட்டில் ஏறத்தாழ பாதிதான். மீதி கண்ணெரிச்சல், கரிபிடித்த பாத்திரம், சமையலறையில் இருமல். அந்தப் புகையைச் சுவாசிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இதற்காகவே காயாத விறகை வீட்டுக்குள் விடக் கூடாது என்பது உறுதியான கருத்து.

விற்பதானால் ஒரு கணக்கு. ஆறடி நீளம், நான்கடி உயரம், ஒன்றரை அடித் துண்டு கொண்ட ஒற்றை அடுக்கு 36 கன அடி, ஏறத்தாழ 1 கன மீட்டர். இடைவெளி போக அதில் மரம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. காய்ந்த மாவாக இருந்தால் சுமார் 400 கிலோ. விறகு மண்டியில் எடைமேடை கணக்கு என்பதால் பச்சையாக விற்பவருக்கு எடை கூடும், வாங்குபவர் தண்ணீருக்குப் பணம் கொடுப்பார். நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தால் அடுக்கை அளந்து பேசுங்கள்.

மூடாக்கு: அரைப்பது

டிராக்டரின் பி.டி.ஓ.வில் (பின்னால் இணைக்கும் கருவியைச் சுழற்றும் தண்டு) ஓடும் சிப்பர், அதாவது அரவை மெஷின், 35 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டியில் நான்கு அங்குலக் கிளை வரை எடுக்கும். ஆறேழு குதிரைத்திறன் பெட்ரோல் மெஷின் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் திணறும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தடிமனில் முக்கால் பங்கைத்தான் அன்றாட வேலைக்குக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரு தோப்பு வேலைக்காக மெஷின் வாங்கத் தேவையில்லை. வேளாண் பொறியியல் துறையின் வட்டார அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் வாடகை இயந்திரங்களை விசாரியுங்கள். தென்னை மட்டைக்கு மட்டை தூளாக்கும் இயந்திரம் தனியாக உண்டு. மட்டையின் நார் சாதாரண சிப்பரின் உருளையில் சுற்றிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தாதீர்கள்.

கிளையைத் தடித்த முனை முன்னால் போக உள்ளே கொடுங்கள். மெஷின் பிடித்ததும் கையை விட்டுவிட்டு ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள், வால்கிளை சாட்டை போலச் சுழன்று அடிக்கும். துண்டு மிலாறுகளைத் தள்ள ஒரு நீளக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள்; காலால் மிதித்துத் தள்ளிக் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தோள் துண்டு, தொங்கும் முந்தானை, தளர்ந்த பின்னல் எதுவும் மெஷினுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேல் உறை இல்லாத மெஷினை வாடகைக்கே எடுக்காதீர்கள். அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு திறங்கள்.

சில்லாக வராமல் நார்நாராக வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது கத்திக்கும் தாங்குதகட்டுக்கும் உள்ள இடைவெளி கூடியிருக்கிறது. ஈரத்தழை மட்டுமே தொடர்ந்து போனால் வெளியேறும் குழாய் அடைக்கும். ஐந்தாறு கை தழைக்கு ஒரு தடித்த கிளை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் கிளையின் சில்லே குழாயைச் சுத்தம் செய்துவிடும். வேர் மண்ணோடு வந்த தூரை உள்ளே விடாதீர்கள்.

மெஷின் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கொடுவாளால் மிலாற்றை அரையடி, முக்காலடித் துண்டுகளாகக் கொத்தி மரத்தடியில் பரப்பி, மேலே கொஞ்சம் மண்ணோ சாணக் கரைசலோ தெளித்தால் ஒரு மழையில் படிந்துவிடும். பர்கூர், ஊத்தங்கரை, பென்னாகரம் போலச் சரிவான மேட்டு நிலங்களில் கொத்தவும் வேண்டாம். கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் ஒன்றரை அடி உயர அணையாகக் கிடத்தி, இடையிடையே முளைக்குச்சி அடித்துவிட்டால் ஓடிவரும் செம்மண் அதன் பின்னால் தங்கும். மூடாக்கைவிடப் பெரிய லாபம் சில நிலங்களில் இதுதான்.

மூடாக்கு: இடுவது

காய்ந்த மண்ணின் மேல் போட்டால் மூடாக்கு தண்ணீரை மேலேயே வாங்கிக்கொண்டு மண்ணை வறட்சியிலேயே வைத்திருக்கும். முதலில் நிலம் நன்றாக நனைந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை நின்றதும் போடுவது சிறந்தது, பிறகு கோடை முழுக்க ஈரம் நிற்கும். களையைச் செதுக்கிவிட்டுப் போடுங்கள். கோரையும் அருகும் நான்கு அங்குலச் சில்லைத் துளைத்துக்கொண்டு வரும், அவற்றை வேரோடு எடுத்தாக வேண்டும்.

கனம் மூன்று முதல் நான்கு அங்குலம். அதற்குக் குறைந்தால் களை வரும். ஆறு அங்குலத்துக்கு மேல் போனால் சிறுமழை மண்ணுக்கே இறங்காது, காற்றோட்டமும் கெடும். அடித்தண்டைச் சுற்றி ஒரு அடி வெறும் மண்ணாக விடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்கிற பழக்கத்தால்தான் கன்றுகள் போகின்றன: பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும், கரையான் சில்லிலிருந்து நேராகத் தண்டுக்கு ஏறும், எலியும் அங்கே பட்டையைக் கொறிக்கும். கன்றுக்கு அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கை அந்த வெற்று வளையத்தில் கலந்துவிடுவது நல்லது.

எவ்வளவு தேவை? ஆறரை அடி அகல வட்டம், நடுவில் இரண்டடி வெற்று வளையம், நான்கு அங்குலக் கனம் என்றால் ஒரு கன்றுக்கு 10 கன அடி. 10-க்கு 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மாங்கன்று. ஆகவே ஏக்கருக்கு 400 கன அடி, மணல் கணக்கில் சொன்னால் 4 யூனிட். பெரிய மரம் சிலவற்றை வெட்டிய தோப்பின் மிலாறு இதற்குத் தாராளமாகப் போதும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் சில்லுக்கு அடியில் போட்டு, சொட்டுவான் உள்ள இடங்களில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், அடைப்பு வந்தால் எங்கே கிளறுவது என்று தெரியும்.

புதுச் சில்லை மண்ணோடு உழுது கலக்காதீர்கள். மரத்தில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. தண்டுச் சில்லில் 200-க்கு 1 என்ற விகிதத்தையும் தாண்டும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கும், பயிர் மஞ்சளாகும். மண்ணின் மேலே கிடக்கும் சில்லு இந்த வேலையைத் தொடும் இடத்தில் மட்டுமே செய்வதால் ஆழ வேரூன்றிய மா, தென்னை, புளிக்குப் பாதிப்பில்லை. பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளி போன்ற மேல்வேர்ப் பயிருக்குப் புதுச் சில்லு வேண்டாம், மட்கியதைக் கொடுங்கள்.

மட்க வைக்க மூன்று கூடை சில்லுக்கு ஒரு கூடை புதுச் சாணம் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, நான்கடி உயரத்தில் நிறுத்துங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு ஈரம் போதும். முதல் வாரத்தில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் சாணமோ தண்ணீரோ குறைவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் ஐந்து, ஆறு மாதத்தில் கறுத்து உதிரும். புரட்டும்போது வெள்ளைத் தூசி எழும்பும், அது பூஞ்சண வித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். புரட்டும்போது தடித்த வெள்ளைப் புழு அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். பொறுக்கி அழிக்க வேண்டும், பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தைக் குவியலில் கலந்தாலும் கட்டுப்படும். பத்தடி உயரத்துக்குக் குவித்து மாதக்கணக்கில் விட்டால் உள்சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். காடி வாசனை அடித்தால் காற்றில்லாமல் புளித்திருக்கிறது. அப்படியே செடிக்குப் போட்டால் இலை கருகும், இரண்டு நாள் விரித்துப் போட்டு வாசனை போன பிறகு பயன்படுத்துங்கள்.

கோடையில் காய்ந்த மூடாக்கு தீப்பிடிக்கும். சாலையோர வேலியிலிருந்து ஆறடிக்குள் சில்லு போடாமல் வெறும் மண்ணாக வைத்திருங்கள். பீடித்துண்டு விழுவது அங்கேதான்.

கடைசியில் தூர்

அதே இடத்தில் கன்று நடப்போவதில்லை என்றால் தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்து மண்ணால் மூடிவிடுங்கள், சில ஆண்டில் தானே மட்கிவிடும். சீமைக் கருவேலம் போன்ற சில மரங்கள் அப்படி விட்டால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் தீரும். ஜே.சி.பி. வைத்து எடுக்கும் தூரை ஒரு மழைக்கு நிற்கவிட்டால் ஒட்டிய மண் கழுவிக்கொண்டு போகும். அதன் பிறகே அறுங்கள், இல்லாவிட்டால் சங்கிலி போகும். தூர் விறகு பிளக்கக் கடினம், ஆனால் மற்ற விறகைவிட நெடுநேரம் நின்று எரியும். நெல் அவிக்கவும் வெல்லம் காய்ச்சவும் அதைத்தான் ஒதுக்கிவைப்பார்கள். குழியை மட்கிய சில்லும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஒரு மழைக்காலம் அமுங்கவிட்டு, தாழ்ந்த இடத்தை மறுபடி நிரப்பிய பிறகு கன்று நடுங்கள்.